அரை முக்கோணமும் அரைச் சதுரமும்

அவையோருக்கு வணக்கம்.

சைன் 60 எவ்வளவு என்று கேட்டால், பலரும் மனப்பாடம் செய்த அட்டவணையைத்தான் நினைவில் துழாவுகிறார்கள். அட்டவணை மறந்துபோகும். ஆரம் 1 கொண்ட அலகு வட்டமும் இதற்குத் தேவையில்லை. ஒரு சமபக்க முக்கோணம், ஒரு சதுரம்; இரண்டையும் பாதியாக வெட்டத் தெரிந்தால் போதும்.

சமபக்க முக்கோணத்தின் பக்கத்தை 2 என்று வையுங்கள். 1 என்றாலும் விடை அதேதான், ஆனால் பாதியாக்கியதும் பின்னங்கள் வந்து தொல்லை தரும். உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குக் குத்துக்கோடு இறக்குங்கள். அடி 1, 1 எனப் பிரிகிறது. உச்சியின் 60 பாகை 30, 30 ஆகிறது. குத்துக்கோட்டின் நீளம், பிதாகரஸ் தேற்றப்படி √(4−1), அதாவது √3.

இனிப் படத்தைப் பார்த்தே சொல்லலாம். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கொசைன், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். 30-க்கு எதிரே 1, கர்ணம் 2; சைன் 30 = 1/2. 60-க்கு எதிரே √3; சைன் 60 = √3/2. டேன் 60 = √3, டேன் 30 = 1/√3. கொசைன் 30 என்பது சைன் 60-தான், ஏனென்றால் ஒரு கோணத்தின் எதிர்ப்பக்கம் மற்றதற்கு அடுத்துள்ள பக்கம்.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. படத்தில் நிமிர்ந்து நிற்கும் கோட்டையே எப்போதும் எதிர்ப்பக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எது எதிர்ப்பக்கம் என்பதைக் கோணம்தான் முடிவு செய்யும். ஐயம் வந்தால், √3 ஏறத்தாழ 1.732, அது 1-ஐ விடப் பெரியது. பெரிய கோணத்துக்கு எதிரேதான் பெரிய பக்கம் இருக்கும்.

சதுரம் இன்னும் எளிது. பக்கம் 1, மூலைவிட்டம் √2. சைன் 45, கொசைன் 45 இரண்டும் 1/√2; டேன் 45 = 1.

சரி, 15 பாகைக்கு என்ன செய்வது? சைன் 30-இன் பாதி 0.25 என்று எழுதிவிடக் கூடாது. உண்மை மதிப்பு 0.2588, இவ்வளவு அருகில் இருப்பதால்தான் பிழை கண்ணில் படுவதில்லை. சைன் 60-ஐப் பாதியாக்கிப் பாருங்கள், 0.433 வரும், சைன் 30 அதுவல்லவே!

நம் முக்கோணத்தை √3 தரையில் படுமாறு கிடத்துங்கள். 30 பாகை முனையைத் தாண்டி, தரைக்கோட்டைக் கர்ணத்தின் அளவான 2 அலகு நீட்டுங்கள். நீட்டிய முனையை உச்சியோடு இணையுங்கள். வெளியே ஓர் இருசமபக்க முக்கோணம் தோன்றும். அதற்கு நம் 30 பாகை புறக்கோணம். உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டும் சமம், ஆகவே ஒவ்வொன்றும் 15. இப்போது எதிர்ப்பக்கம் 1, தரை முழுவதும் 2+√3. டேன் 15 = 1/(2+√3) = 2−√3. புதிய கர்ணத்தின் வர்க்கம் 8+4√3. அதன் மூலம் √6+√2. எனவே சைன் 15 = (√6−√2)/4.

30-ஐ மூன்று முறை பாதியாக்கினால் 3 பாகை 45 கலை (60 கலை ஒரு பாகை). ஆரியபட்டரின் சைன் அட்டவணை ஏறுவது சரியாக அந்தப் படிக்கட்டில்தான். அவருடைய சைன், வட்டத்தின் ஆரத்தால் பெருக்கிய நீளம்; அந்த ஆரத்தை அவர் 3438 கலை எனக் கொண்டார். எட்டாம் படியான 30 பாகைக்கு வருவது 1719. 3438-இல் சரிபாதி!

இதே நீட்டலை அரைச் சதுரத்தில் நீங்களே செய்து பாருங்கள். கர்ணம் √2 என்பதால் தரைக்கோட்டை √2 அலகு நீட்ட வேண்டும். டேன் 22.5 = √2−1 என்று வந்தால் படம் சரி.