பிள்ளை யாருக்கு?

எல்லாருக்கும் வணக்கம். குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்காடுகிறவள் நான். என்னிடம் வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே கேட்பது, "பிள்ளை எனக்குக் கிடைக்குமா மேடம்?" என்பதுதான். அப்பாக்கள் சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் வைப்பார்கள். அம்மாக்கள், "அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்டதானே இருக்கணும்?" என்பார்கள்.

1956ஆம் ஆண்டு இந்து இளவர் (பதினெட்டு வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டம் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் "சாதாரணமாக" என்று ஒரு சொல்லையும் போட்டிருக்கிறது. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனை வைக்கிறது. அப்பாவின் சம்பளமும் சரி, அம்மாவின் பாசமும் சரி, அதற்குக் கீழேதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிள்ளையைக் கூட வைத்து வளர்ப்பது வேறு, அதற்குக் காப்பாளராக இருந்து கையெழுத்துப் போடுவது வேறு. அந்தச் சட்டத்தில் இயற்கைக் காப்பாளர், அதாவது நீதிமன்றம் நியமிக்காமலே காப்பாளர் ஆகிறவர், அப்பா, "அவருக்குப் பின்" அம்மா. பெற்று வளர்க்கிறவளுக்குக் கையெழுத்தில் இரண்டாம் இடம்! எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் அவர் கணவரும் மகன் பெயரில் முதலீட்டுப் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்குச் சேர்ந்தே விண்ணப்பித்தார்கள். அம்மாதான் காப்பாளர் என்று இருவரும் ஒப்புக்கொண்டும், அப்பா கையெழுத்து வேண்டும் என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மணவிலக்கு வழக்கில் மகனுக்காகப் போராடிக்கொண்டிருந்த சுற்றுச்சூழல் ஆர்வலர் வந்தனா சிவாவின் மனுவும் அதோடு சேர்ந்தது. "பின்" என்றால் அப்பா செத்த பிறகு என்று பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றே பொருள் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகத்தில் அந்த வரி மட்டும் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

எல்லா மதத்தாருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவருகிறவர்கள் உண்டு. ஏழு வயதுப் பிள்ளை "மன உளைச்சல்" என்று ஆரம்பித்தால் நீதிபதிக்குப் புரியாதா?

அப்புறம், பணம். "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் ஜீவனாம்சம் தரமாட்டேன்" என்பார் இவர். "பணம் தரவில்லை, அதனால் காட்டமாட்டேன்" என்பார் அவர். சாப்பாடும் பள்ளிக் கட்டணமும் ஒரு கடமை, பார்க்க விடுவது வேறொரு கடமை. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த முடியாது.

சமாதானமாகப் பிரிகிறவர்களிடம் நான் பிடிவாதமாக எழுதவைப்பது சின்னச் சின்ன விஷயங்களைத்தான். தீபாவளி யாரோடு, பொங்கல் யாரோடு, கோடை லீவில் எத்தனை நாள், எங்கே வந்து கூட்டிப்போவது, வீடியோ காலுக்கு எத்தனை மணி. "அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போனவர்கள், அடுத்த மாதமே புது மனுவோடு என் அறை வாசலில் நிற்கிறார்கள்.