கூழாங்கல்லும் சில்க் போர்டு நெரிசலும்

நேயர்களுக்கு வணக்கம்.

மெட்ரோ வேலை நடக்கும் பெங்களூர்த் தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அல்சூரில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாலு நாள் துடைப்பம் போகாவிட்டால் போதும், தூசி தானாகவே திரண்டு பஞ்சுருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். பூமி போன்ற கோள்களின் தொடக்கமும் இப்படித்தான்.

புதிதாகப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தோசை போலத் தட்டையாகச் சுழலும். தூசி என்றால் புகைத் துகள் அளவு. அது எப்படி ஒட்டும்? 2003இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த விண்வெளி வீரர் டான் பெட்டிட், உப்பையும் சர்க்கரையையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தார். எடையில்லாத அந்த இடத்தில் சில நொடிகளிலேயே கட்டி கட்டியாகச் சேர்ந்துவிட்டன. ஒன்றோடொன்று உரசியதில் வந்த மின்னூட்டம்தான் காரணம்.

சரி, கூழாங்கல் வரை வந்தாயிற்று. வம்பு அப்புறம்தான். சுற்றிலும் உள்ள வாயு, கல்லைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழல்கிறது. அதனால் கல்லுக்கு எப்போதும் எதிர்க்காற்று. ஒரு மீட்டர் அளவுப் பாறைக்கு அந்தக் காற்று எமன். வேகம் குறைந்து, சில நூறு வருடங்களுக்குள் நட்சத்திரத்திலேயே போய் விழுந்துவிடும். வேகமாக மோதினாலோ உடைந்து சிதறும். அப்படியானால் நாம் நிற்கிற இந்தப் பூமி எப்படி வந்தது?

2005இல் யூடின், குட்மேன் என்ற இரண்டு வானியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். சில்க் போர்டு சந்திப்பில் மாட்டியவர்களுக்கு உடனே புரியும். கற்கள் கும்பலாகப் போனால் வாயுவையும் தங்களோடு இழுத்துக்கொள்ளும், எதிர்க்காற்று குறையும், கும்பல் மெதுவாகத்தான் உள்ளே நகரும். பின்னால் தனியாக விரைந்து வருகிற கல் இதில் வந்து சிக்கும். அடுத்ததும் சிக்கும். நெரிசல் முற்றினால், மொத்தமும் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி மலையளவுப் பொருளாகிவிடும். மீட்டர் அளவு என்ற கண்டத்தை ஒரே தாவாகத் தாண்டியாயிற்று! எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும்.

2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் படமெடுத்த அரோகாத், நெப்டியூனுக்கும் அப்பால் சூரியனைச் சுற்றும் ஒரு சிறு பொருள், இதற்குப் பக்கபலம். இரண்டு உருண்டைகள், நாம் நடக்கிற வேகத்தில் வந்து தொட்டு ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது. மோதி நொறுங்கிய தடமே இல்லை.

இந்த வேலை இப்போதும் நடக்கிறது. எச்எல் டாவ்ரி என்ற நட்சத்திரத்துக்கு வயது சுமார் பத்து லட்சம் வருடம்தான். அதைச் சுற்றும் வாயு, தூசித் தட்டில் வளையம் வளையமாக இடைவெளி விழுந்திருப்பதை, அங்கே கோள்கள் உருவாவதன் அடையாளமாகக் கருதப்படுவதை, 2014இல் சிலியின் அல்மா தொலைநோக்கிகள் காட்டின. டிசம்பர் மாதம் சாயங்காலம் மொட்டை மாடியில் கிழக்கே பாருங்கள். செக்கச் சிவந்த ரோகிணிக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது; வெறும் கண்ணுக்குத்தான் தெரியாது.