ம இல்லாத கதை

நேயர்களுக்கு வணக்கம்.

கதை எழுதுகிறவர் என்று தெரிந்துவிட்டால் போதும், எதிரே வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி: "கரு எங்கேயிருந்து சார் கிடைக்குது?" பஸ்ஸில் கிடைக்கிறது, டீக்கடையில் கிடைக்கிறது என்று நாங்களும் ஏதோ சொல்லிவைப்போம். பொய்யில்லை. ஆனால் அதே பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் அதே கருதானே கிடைக்கும்? நான் இன்று பேச வந்தது வேறொரு வழி. கூட எழுதுகிறவர்கள் நம் கையைக் கட்டிவிட்டு, "இப்ப எழுது பார்க்கலாம்" என்று சொல்லும்போது வருகிற கதை.

பாரிஸில் 1960ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சிறு கூட்டம் தொடங்கியது. பெயர் ஊலிப்போ. தொடங்கியவர்கள் இரண்டு பேர்: ரேமோன் கெனோ என்ற எழுத்தாளர், பிரான்சுவா லெ லியோனே என்ற கணிதப் பிரியர். எழுத்தாளர்களும் கணிதக்காரர்களும் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிட்டார்கள். எழுத்துக்குப் புதுப்புது விதிகள் கண்டுபிடித்தார்கள். இதில் சேர்ந்தவர் செத்தாலும் உறுப்பினர்தான். கூட்டத்துக்கு வராதவர்களின் பெயரை வாசிக்கும்போது, "காலமாகிவிட்டபடியால் வர இயலவில்லை" என்று அவர் பெயரும் வரும். நம் ஊர்ச் சங்கங்களில் உயிரோடு இருக்கிறவர்களே வருவதில்லை; அது வேறு விஷயம்.

இந்தக் கூட்டத்தில் 1967இல் சேர்ந்தவர் ஜார்ஜ் பெரெக். ஏ, பி, சி, டி, இ என்று சொல்கிறோமே, அந்த 'இ' என்ற எழுத்து ஓரிடத்தில்கூட வராமல் ஏறக்குறைய 300 பக்க நாவல் எழுதி 1969இல் வெளியிட்டார். பிரெஞ்சில் அதிகம் புழங்குகிற எழுத்தே அதுதான். நண்பர்களையும் சும்மா விடவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். மதிப்புரை எழுதிய ஒரு விமர்சகர் எழுத்து காணாமல் போனதைக் கவனிக்கவே இல்லையாம்!

இதை வித்தை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் கதை என்ன தெரியுமா? ஓர் ஆள் காணாமல் போகிறான், நண்பர்கள் தேடுகிறார்கள். எழுத்தைத் தொலைத்ததால் ஆள் தொலைந்தான். கரு விதியிலிருந்தே வந்துவிட்டது. இன்னும் உண்டு. பெரெக்கின் தந்தை 1940இல் போரில் இறந்தார். தாயை 1943இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. தந்தை, தாய் என்பதற்குரிய பிரெஞ்சுச் சொற்கள் இரண்டிலும் அந்த எழுத்து இருக்கிறது. அவருடைய பெயரிலேயே நான்கு முறை வருகிறது. அது இல்லாமல் அப்பா, அம்மாவையும் எழுத முடியாது, தன் பெயரையும் எழுத முடியாது.

நமக்கு இது புதிதா? இல்லை. இந்த இடத்துக்கு வந்தால் என்னை நிறுத்துவது கஷ்டம், பொறுத்துக்கொள்ளுங்கள். நிரோட்டகம் என்று நம்மிடம் ஒரு வகை உண்டு. உதடு ஒட்டாத பாட்டு. ப, ம, வ வரக்கூடாது. இது வானொலி, உங்களை யாரும் பார்க்கப் போவதில்லை. மெல்லச் சொல்லிப் பாருங்கள். "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்." உதடு ஒட்டியதா? ஒட்டாது. 341ஆவது குறள், துறவு அதிகாரம். இது ஒரே குறள். துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன் மேல் ஓர் அந்தாதியையே இப்படிப் பாடினார். அவருடைய ஆசிரியரைப் பழித்த ஒரு புலவரோடு போட்டி. யார் தோற்றாலும் வென்றவருக்கு அடிமை. சிவப்பிரகாசர் பாடி முடித்தார், அந்தப் புலவருக்கு ஒரு பாட்டும் வரவில்லை என்று சொல்வார்கள். முருகன் மேல் பாடுகிறார், ஆனால் முருகன் என்று சொல்ல முடியாது. வேல், மயில், வள்ளி எதுவும் கூடாது. கந்தன் இருந்தான், பிழைத்தார்!

எங்கள் ஊரில் கதை எழுதுகிறவர்கள் சிலர் மாதந்தோறும் கூடுகிறோம். அங்கே ஒருமுறை நான் போட்ட விதி இது: ம வரிசை முழுக்கத் தள்ளுபடி. போனால் போகட்டும், ஓர் எழுத்துதானே என்று தோன்றும். எழுதிப் பார்த்தால்தான் தெரியும். மழை போயிற்று, மரம் போயிற்று, மனம் போயிற்று. அதெல்லாம் சின்ன நஷ்டம். 'வேண்டும்' போயிற்று, அதோடு அறிவுரையும் போயிற்று, கதைக்கு நல்லதுதான். 'நாம்' போயிற்று. 'எல்லோரும்' போயிற்று. வந்தோம், இருந்தோம் என்று எழுதவே முடியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் நிறுத்த வேண்டும்.

எங்களில் ஒருவர், ரேஷன் கடையில் பில் போடுகிறவர், தாய் இறந்த வீட்டை எழுத உட்கார்ந்தார். அம்மா என்று எழுத முடியாது. தாய் என்று போட்டார். மேடைப் பேச்சு மாதிரி இருந்தது, அடித்தார். ஆத்தா என்று வைத்தார். ஆத்தா வந்ததும் கூடவே எருக்குழியும் திண்ணையும் அந்த ஊர்ப் பேச்சும் வந்து சேர்ந்தன. அடுத்து, அழுதோம் என்று எழுத வழியில்லை. அதனால் இப்படி எழுதினார்: "அண்ணன் அழுதான். அக்கா அழுதாள். நான் அழவில்லை."

ஏன் அழவில்லை? அதுதான் கதை. உட்காரும்போது அவரிடம் அந்தக் கதை இல்லை. நம்புங்கள், இல்லவே இல்லை. எழுத்து அடைபட்ட இடத்தில் வந்தது. தனியாக எழுதியிருந்தால் ஒரு 'அழுதோம்' போட்டுக் கடந்திருப்பார், யார் பார்க்கப் போகிறார்கள்? கூட்டத்தில் அது நடக்காது. "நாலாவது வரியில ஒரு 'உம்' ஒளிஞ்சிருக்கு அக்கா" என்று பின்வரிசைப் பையன் பிடித்துவிடுவான். எனக்குப் பிடித்திருப்பது விதியைவிட இந்தப் பையன்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று விரலைக் காட்டுகிறார்கள். இதாலோ கால்வினோ பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இத்தாலியர், 1973இல் ஊலிப்போவில் சேர்ந்தவர். குறி பார்க்கிற டாரட் சீட்டுகளை மேசைமேல் பரப்பி, அந்தப் படங்களிலிருந்து கதை கட்டினார். காட்டைக் கடந்து வந்த பயணிகள் எல்லோருக்கும் பேச்சு போய்விடுகிறது. சீட்டை எடுத்து வைத்துத்தான் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். ஒருவர் வைத்த சீட்டே அடுத்தவர் கதைக்கும் உதவும். கிளி ஜோசியச் சீட்டை வைத்து நாங்கள் செய்து பார்த்தது ஒன்று இருக்கிறது, அது நீளம். இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.