டிரம்மரே கிடையாது, ஒரே ஒரு ஆல்பம்: யங் மார்பிள் ஜயன்ட்ஸ் எப்படிச் சாதித்தது?

[கறுப்புத் திரை. ரிதம் மட்டும் ஒலிக்கிறது.]

கேட்கிறதா? டிக், டிக் என்று ஓர் ஓசை. இது டிரம்மர் வாசித்ததில்லை. ஒரு கேசட்டில் ஓடுகிற ஓசை. இதை வைத்துக்கொண்டு மூன்று பேர் 1980-இல் ஒரு ஆல்பம் போட்டார்கள். பின்னாளில் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது அதையும் எழுதி வைத்தார். வாங்க, பார்க்கலாம்.

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். பேண்ட் பெயர் யங் மார்பிள் ஜயன்ட்ஸ். ஊர், வேல்ஸில் கார்டிஃப். ஸ்டூவர்ட் மாக்ஸம், அவர் தம்பி ஃபிலிப், பாடுவதற்கு அலிசன் ஸ்டாட்டன். லண்டனின் ரஃப் டிரேட் இசை நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பம் 'கலோசல் யூத்', 15 பாடல்கள். ஐந்தே நாளில் பதிவு.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த கேசட்.

[திரையில்: பழைய கேசட் ரெக்கார்டர்]

மாக்ஸம் சகோதரர்களின் உறவினர் பீட்டர் ஜாய்ஸ், டெலிபோன் இன்ஜினியர். எலெக்ட்ரானிக்ஸில் பைத்தியம். வீட்டிலேயே ஒரு டிரம் மெஷின், அதாவது தானாகத் தாளம் போடுகிற கருவி, செய்து வைத்திருந்தார். பேண்டிடம் சொந்தமாக மெஷின் இல்லை. அதனால் அவருடைய மெஷினின் தாளங்களை டேப்பில் பதிந்து, அதைப் போட்டுவிட்டு வாசித்தார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? டிரம்மர் ஒரு மனிதர். பாட்டு சூடுபிடித்தால் அவரும் சூடுபிடிப்பார், பல்லவி வந்தால் ஓங்கி அடிப்பார். டேப் அப்படியில்லை. கச்சேரியில் சுருதிப் பெட்டி மாதிரி, யார் என்ன செய்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஆகவே பாட்டை ஏற்றி இறக்கும் வேலை முழுவதும் மற்ற மூன்று பேர் தலையில் விழுந்தது.

அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று கவனியுங்கள். ஸ்டூவர்ட் வலது உள்ளங்கையைத் தந்திகளின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு கிட்டார் வாசிக்கிறார். ஒலி நீளாமல் சட்டென்று அறுந்துவிடும். கிட்டாரே பாதி தாளக்கருவி ஆகிவிட்டது! தாளத்தை அவர் பார்த்துக்கொள்வதால் ஃபிலிப்பின் பேஸ் கிட்டார் மேலே ஏறி ராகம் பாடப் போய்விடுகிறது. பல பாடல்களில் நீங்கள் முணுமுணுக்கப் போவது பேஸைத்தான், பந்தயம் கட்டுகிறேன். இடையில் கொஞ்சம் ஆர்கன். மிச்சமெல்லாம் வெற்றிடம். பங்க் என்ற ஆவேசமான ராக் இசையின் அலை அடித்து ஓய்ந்த நேரத்தில், பக்கத்து பேண்டுகள் சத்தத்தை வைத்து மிரட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் வாசிக்காமல் விட்ட இடங்களை வைத்தே பாட்டுக் கட்டினார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் துணிச்சலான முடிவு இதுதான்.

அலிசன் குரலும் அப்படித்தான். நடுக்கம் இல்லை, அலங்காரம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறார். 'ஃபைனல் டே' என்று ஒரு பாடல், இரண்டு நிமிடம்கூட இல்லை. அணு ஆயுதப் போரில் உலகம் முடிகிற நாளைப் பற்றியது. அதையும் அதே நிதானத்தில் பாடுகிறார். பின்னால் ஒரே ஒரு உச்சஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அழுது பாடியிருந்தால் இத்தனை பயம் வந்திருக்காது.

அப்புறம் பேண்ட் பிரிந்துவிட்டது. ஸ்டூவர்ட் பிற்பாடு 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தின் அனிமேஷனில் வண்ணம் தீட்டும் வேலை பார்த்தார் என்பது எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம் தருகிற தகவல்! 1994-இல் கோர்ட்னி லவ்வின் 'ஹோல்' குழு இவர்களுடைய 'கிரெடிட் இன் த ஸ்ட்ரெய்ட் வேர்ல்ட்' பாடலைக் கத்தலும் டிரம்ஸுமாக எடுத்துப் பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். எலும்பு அதே பாட்டுதான்.

புதிதாகக் கேட்பவர்கள் 'சர்ச்சிங் ஃபார் மிஸ்டர் ரைட்'டில் தொடங்குங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் காணாமல் போய்விடும், ஹெட்ஃபோன் போடுங்கள். முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடருங்கள், வரிகளை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு எந்தப் பாடல் ஒட்டிக்கொண்டது என்று கமெண்டில் எழுதுங்கள். என் ஓட்டு 'பிராண்ட் நியூ லைஃப்' பாட்டுக்கு.