'இட்' எங்கே உட்காரும்?

(ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் வாசிகசாலையில், ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கும் எழுதி முடித்து வேலை தேடுகிற தம்பி தங்கச்சிமாருக்கும் பேசியது. பேசினதைக் கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மழை விட்டபாடில்லை. தகரத்துச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது, முன்னால் வந்துவிடுங்கள்.

இருபத்திரண்டு வயதில் கொழும்பில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். வாடிக்கையாளர் ஒருவர் போனில் குறை சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். இரவு ரயிலில் வரும்போதே இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன், அதனால் தயங்காமல் 'ஐ வில் ரைட் டவுன் இட் அண்ட் டிஸ்கஸ் அபௌட் இட் வித் மை பொஸ்' என்றேன். எதிரில் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன், அன்றைக்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் வந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பார்வைக்கு என்ன காரணம் என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் பிடித்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

நமக்கு வாத்தியார் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? 'ரைட் டவுன்' என்றால் எழுதிவை, 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரி, 'டேர்ன் ஒஃப்' என்றால் அணை. கொப்பியில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ். பாடமாக்கினோம், பரீட்சையும் எழுதினோம். சரி, இதில் என்ன குறை? மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரு வினை, பக்கத்தில் ஒரு சின்னச் சொல். ஒரே சாதி என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 'இட்' என்கிற பிரதிப்பெயரை உள்ளே விட்டுப் பாருங்கள், உடனே சாயம் வெளுத்துவிடும். 'டேர்ன் இட் ஒஃப்' என்கிறார்கள், நடுவில் உட்காருகிறது. 'லுக் ஆஃப்டர் இட்' என்கிறார்கள், கடைசியில் உட்காருகிறது. 'டேர்ன் ஒஃப் இட்' என்றும் வராது, 'லுக் இட் ஆஃப்டர்' என்றும் வராது.

ஏன் என்று கேட்டால், 'டேர்ன் ஒஃப்' என்பதில் அந்த 'ஒஃப்' வினையோடு பிறந்தது. 'லுக் ஆஃப்டர்' என்பதில் 'ஆஃப்டர்' பின்னால் வருகிற பெயருக்குச் சொந்தம், அதுதான் அசல் முன்னிடைச்சொல், ஆங்கிலத்தில் 'பிரிபொசிஷன்' என்பார்கள். பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் அல்லவா, 'ஷி லுக்ஸ் ஆஃப்டர் தெம்'. இங்கே 'ஆஃப்டரும்' 'தெம்மும்' கைகோத்து நிற்கின்றன, பிரிக்க முடியாது. வினையோடு பிறந்த சின்னச் சொல்லோ கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். முழுப் பெயர் வந்தால் 'டேர்ன் ஒஃப் த லைட்' என்றும் சொல்லலாம், 'டேர்ன் த லைட் ஒஃப்' என்றும் சொல்லலாம். பெயர் இருக்கும்வரை எப்படிப் போட்டாலும் தப்பித்துவிடுவோம், பிரதிப்பெயர் வந்தால்தான் மாட்டிக்கொள்வோம். என் இன்டர்வியூவில் 'ரைட் டவுன் த கம்ப்ளெய்ன்ட்' என்றோ 'ரைட் இட் டவுன்' என்றோ சொல்லியிருந்தால் யாரும் யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு அடையாளம் காதில் இருக்கிறது. 'டேர்ன் இட் ஒஃப்' என்று யாராவது சொல்லும்போது கேளுங்கள், அழுத்தம் 'ஒஃப்' மேல் விழும். 'லுக் அட் இட்' என்றால் அழுத்தம் 'லுக்' மேல், 'அட் இட்' இரண்டும் வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். ஆங்கிலத்தில் கனமான, புதிய செய்தி வாக்கியத்தின் கடைசிக்குப் போகப் பார்க்கும். 'இட்' என்பது ஏற்கெனவே பேசின பொருள், கனமில்லாதது, அதனால் 'ஒஃப்'புக்கு வழிவிட்டு உள்ளே போய்விடுகிறது.

நம்முடைய பிள்ளைகள் ஏன் இதில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகிறார்கள்? தமிழில் இந்தச் சின்னச் சொல்லின் வேலையைத் துணைவினை செய்கிறது. எழுதி'வை', தூக்கிப்'போடு', குடித்து'விடு'. 'ரைட் டவுன்', 'த்ரோ அவே', 'டிரிங்க் அப்' எல்லாம் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் நாம் 'தூக்கி அதைப் போடு' என்று சொல்வோமா? 'அதைத் தூக்கிப்போடு' என்றுதான் சொல்வோம். வினையும் துணைவினையும் ஒட்டியே இருக்கும், 'அதை' வெளியே நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் 'த்ரோ அவே இட்' என்று வாயில் வருகிறது. இது முட்டாள்தனம் இல்லை, தமிழ் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. இதற்காகப் பிள்ளையின் தலையில் குட்டுகிற வாத்தியார்மார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்று சொல்லாக வருவதும் உண்டு. மழைக்காலத்தில் மலைக்குப் போனால் அட்டை கடிக்கும், என்ன செய்ய, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். 'வி புட் அப் வித் தெம்'. இதில் 'அப்' வினைக்குச் சொந்தம், 'வித்' அட்டைக்குச் சொந்தம். கடைசிச் சொல் முன்னிடைச்சொல் என்பதால் 'தெம்' அதற்குப் பின்னால்தான் வரும்.

'டிஸ்கஸ் அபௌட் இட்' சின்ன விஷயம். 'அதைப் பற்றி' என்பதில் உள்ள 'பற்றி'யை நாம் மொழிபெயர்க்கிறோம், ஆனால் 'டிஸ்கஸ்' தனக்குள்ளேயே அதை வைத்திருக்கிறது. 'டிஸ்கஸ் இட்', அவ்வளவுதான். 'அவரோடு கல்யாணம்' என்பதை நினைத்து 'மேரி வித் ஹிம்' என்பதும் இதே கதை. 'மேரி ஹிம்' போதும். 'எக்ஸ்ப்ளெய்ன்' தலைகீழ். 'எனக்கு விளக்குங்கள்' என்று நினைத்து 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்கிறோம், அங்கே 'டு' கட்டாயம் வேண்டும், 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'.

பிரதிப்பெயர் உருவம் மாறுவதைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம், அதில் நாம் கைதேர்ந்தவர்கள். 'நானோடு வா' என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லாது. உருபு வந்தால் 'நான்' 'என்' ஆகிவிடும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பாடமாக்கினோமே, அவை பின்னால் ஒட்டுகின்றன, ஆங்கிலத்தில் அந்த வேலையை முன்னால் நிற்கிற சொல் செய்கிறது. 'வித் மீ', 'ஃபோர் ஹிம்', 'பிட்வீன் யூ அண்ட் மீ'. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கும் நம்மைப் போல வேற்றுமை விகுதிகள் இருந்தன. நாளடைவில் அவை பெரும்பாலும் தேய்ந்து உதிர்ந்துபோயின, பிரதிப்பெயரில்தான் 'ஹிம்', 'தெம்', 'ஹூம்' என்று தெளிவாக மிச்சம் இருக்கிறது. 'எனக்குத் தோன்றுகிறது' என்கிற கட்டுமானமே ஒருகாலத்தில் அவர்களிடம் இருந்தது, பழைய நாடகங்களில் வருகிற 'மீதிங்க்ஸ்' அதன் எச்சம்தான். இன்றைக்கு நம் பிள்ளை 'எனக்குத் தெரியும்' என்பதை 'மீ நோ' என்று சொன்னால் சிரிக்கிறோம்.

கடைசியாக ஒன்று, இதில் பட்டதாரிகளே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். 'நான் இருக்கிற லயம்', 'நான் காத்திருக்கிற பஸ்'. தமிழில் 'இல்', 'காக' எல்லாம் இங்கே காணாமல் போய்விடும், பெயரெச்சம் அவற்றை விழுங்கிவிடும். ஆங்கிலம் விழுங்காது. 'த லைன் ரூம் ஐ லிவ் இன்', 'த பஸ் ஐ அம் வெயிட்டிங் ஃபோர்'. அந்த 'இன்'னும் 'ஃபோர்'ரும் துணையில்லாமல் தொங்கிக்கொண்டு நிற்கும், நிற்கட்டும். முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். 1672இல் ஜோன் டிரைடன் என்ற கவிஞர் அதைக் குறையாக எழுதினார், பிறகு வந்த இலக்கண ஆசிரியர்கள் அதைச் சட்டமாக்கப் பார்த்தார்கள். ஆங்கிலேயர்கள் அன்றும் இன்றும் அப்படி முடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே கொப்பியில் 'பிக் அப்' என்று எழுதாதீர்கள், 'பிக் இட் அப்' என்று எழுதுங்கள். 'லிசன்' என்று எழுதாதீர்கள், 'லிசன் டு மீ' என்று எழுதுங்கள். எந்த வினையைப் படித்தாலும் பிரதிப்பெயரை உட்காரவைத்தே படியுங்கள்.

பேசி முடித்ததும் பத்தாம் வகுப்புத் தங்கச்சி ஒருவர் எழும்பி, "சேர், சுவெட்டரைக் கழற்றுறதுக்கு 'டேக் இட் ஒஃப்', அப்ப பஸ்ஸ விட்டு இறங்குறதுக்கு 'கெட் இட் ஒஃப்'பா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சுவெட்டரில் 'ஒஃப்' வினையோடு பிறந்தது, பஸ்ஸில் அது பஸ்ஸுக்குச் சொந்தமான முன்னிடைச்சொல், ஆகவே 'கெட் ஒஃப் இட்'. 'கெட் இட் ஒஃப்' என்று சொன்னால் உங்களை இல்லை, எதன் மேலோ ஏறி நிற்கிற பஸ்ஸை இறக்கச் சொன்னதாகிவிடும் என்றேன். "நம்ம ரோட்டுல அதுவும் நடக்கும் சேர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குமேல் யாரும் இலக்கணம் கேட்கவில்லை, தலவாக்கலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.