உயிர் காலேஜுக்கு நடந்துபோன காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது வட சென்னையின் புளியந்தோப்பில். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்தால் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: இன்றைக்கு உயிர் காலேஜா, செத்த காலேஜா? வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலைதான் உயிர் காலேஜ். எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். மக்கள் வைத்த பெயர்கள் இவை.

அப்பா மில் தொழிலாளி. வாரத்தில் ஒரு நாள்தான் அவர் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். அம்மா தூக்குவாளியில் புளிசாதம் எடுத்துக்கொள்வார். பக்கத்துப் பகுதியான சூளை வழியாக நடந்தே போவோம். வரும் வழியில் மூர் மார்க்கெட்டில் ஒரு சுற்று. பெரும்பாலும் எதுவும் வாங்க மாட்டோம். கூண்டுக் கிளிகளையும் பழைய புத்தகக் குவியலையும் பார்த்துவிட்டு வருவதே எங்களுக்குப் போதும். பஸ் செலவு கிடையாது. அப்பா அன்றைக்கு மட்டும் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். இன்றும் அவரை நினைத்தால் அந்தத் தோள்தான் முதலில் வருகிறது.

1985இல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. விலங்குகளுக்கு அது நல்லது. கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்த புலிக்குக் காடு கிடைத்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே ஆண்டில்தான் மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. மிருகக்காட்சிசாலை இருந்த இடத்தில் பிறகு நேரு விளையாட்டரங்கம் வந்தது. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. ஆனால் ஒரு தொழிலாளி தன் பிள்ளைகளைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிப்போக ஓர் இடம் இருந்ததே, அதற்கு மாற்றாக எங்கள் பக்கம் என்ன வந்தது?

"மெரினா இருக்கிறதே" என்பார்கள். கடற்கரைக்கு டிக்கெட் இல்லை, உண்மைதான். எங்கள் தெருவில் அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கும் பெண் ஒருவர், சம்பள நாளன்று என் வீட்டுப் படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை; அவருக்கும் மகளுக்கும் செலவில்லை. கணவருக்கும் மகனுக்கும் போக வர டிக்கெட். போன பிறகு சும்மா உட்கார முடியுமா? சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சின்னவளுக்கு ராட்டினம். ஒருத்தி ஏறினால் இன்னொருவனும் கேட்பான். எண்ணி முடித்துவிட்டு, "ஒரு நாள் கூலி அங்கயே போயிடும் டீச்சர். வீட்லயே டிவி பாத்துக்கலாம்" என்று எழுந்து போனார். நான்கு பேர் படுக்கவே போதாத ஒரே அறை வீடு அது.

பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. காலையில் நடைப்பயிற்சிக்குத் திறந்து, வெயில் ஏறியதும் மூடி, சாயங்காலம் மறுபடி திறக்கிறார்கள். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு வந்து, முகம் கழுவி, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போனால் காவலாளி விசில் ஊதுகிறார். கழிப்பறைக் கதவில் பூட்டு. பெண்கள் ஏன் பூங்காவுக்கு வருவதில்லை என்று கேட்பவர்கள் முதலில் அந்தப் பூட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

நகரத்துக்குத் திறந்தவெளி எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர்கள் அதில் பத்து சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்பது விதி. புறநகரில் புதுப் பூங்காக்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி நூறு வருடத்துக்கு முன்பே நெருக்கிக் கட்டிவிட்ட இடங்களில் அவ்வளவு பெரிய மனைக்கு எங்கே போவது? விதி எங்கள் தெருவரை வந்து சேர்வதே இல்லை.

ஆனால் நிலம் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளி மைதானங்களைத்தான் சொல்கிறேன். முப்பது வருடம் அந்தப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வேப்பமரமும் காக்காய்களும் மட்டும்தான். கேட்டுக்கு வெளியே, லாரிகளுக்கு நடுவில், எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பொருள் களவு போகும், சுவர் பாழாகும் என்று தலைமையாசிரியர்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். நானும் அப்படிப் பயந்தவள்தான். அதற்கு ஒரு காவலாளியும் இரண்டு விளக்கும் போதும். வகுப்பறைகளைப் பூட்டுங்கள், மைதானத்தைத் திறந்து வையுங்கள்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1930இல் சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மக்களின் மாலைப் பொழுதும் நகராட்சியின் பொறுப்புதான் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மருத்துவ முகாமுக்காக எங்கள் பகுதிப் பள்ளியைத் திறந்தார்கள். முகாம் மதியத்தோடு முடிந்தது. கேட்டைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கைக்குழந்தையோடு பெண்கள் சிமென்ட் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி பிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தார். மூட்டை தூக்கும் ஒருவர், காக்கிச் சட்டையோடு, மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டே மூச்சிரைக்க மைதானத்தை மூன்று முறை சுற்றினார். நான்காவது சுற்றில் கையை எடுத்துவிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் வேப்பமரம் வரை போனாள்.