நாய்க்கும் வரி: 1848இன் ஆட்சேபனைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அழைப்பை மறுக்காமல் வந்திருக்கும் எங்கள் உள்ளூராட்சி சபைத் தவிசாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, காலையிலிருந்து கதிரை அடுக்கிய வாசிகசாலைத் தம்பிகளே, வணக்கம். 1848ஆம் ஆண்டில் பிரித்தானியர் இலங்கையில் விதித்த வரிகள், அவற்றுக்கு எழுந்த ஆட்சேபனையை அதிகாரிகள் கையாண்ட விதம் ஆகிய இரண்டையும் சொல்லி, சபைக்கு ஒரு கோரிக்கையும் வைக்க வந்திருக்கிறேன்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பார் என் பாட்டி. இந்த மாத்தளை மண்ணும் அழுதது. கோப்பி விலை சரிந்து திறைசேரி வறண்டபோது, ஆளுநர் டொரிங்டன் பிரபு நாய்க்கு 1 ஷில்லிங், துப்பாக்கிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், கடைக்கு 1 பவுண் என விதித்ததோடு, ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையேல் பணம் கட்டவேண்டும் என்றும் சட்டம் செய்தார். பிக்குகளுக்கும் முதலில் விலக்கில்லை.

ஜூலையில் சனங்கள் கண்டிக் கச்சேரி எனும் அரச அலுவலகத்தின் முன் திரண்டார்கள். குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் வந்து விளக்கம் சொன்னது ஊர்த் தலைவர்களுக்கு. வெயிலில் நின்றவனோ இடைத்தரகர் வாயிலாக அறிந்ததோடு சரி. ஆனால் மருத்துவர் எலியட் தம் 'ஒப்சேவர்' பத்திரிகையில் வெளியிட்ட வரியெதிர்ப்புக் கடிதம் சிங்களத்திலும் வந்தது. பிறகு மூண்ட கலகத்துக்கு அதுவே காரணம் என்று ஆட்சியாளர் பின்னர் சினந்தார்கள். மக்கள் மொழியில் வந்த ஒரு தாளுக்கு எவ்வளவு அச்சம் பாருங்கள்! மாத இறுதியில் அழுத பிள்ளைக்குக் கிடைத்தது இராணுவச் சட்டம்.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். எங்கள் தோட்ட லயத்துப் பெரியவர் ஒருவருக்கு, பெயர் வேண்டாம், சிங்களத்தில் மட்டும் ஓர் அறிவித்தல் வந்தது. கடைக்காரரிடம் கொண்டுபோனார், அவர் கண்ணாடியைத் தேடினார். கோயில் ஐயரிடம் போனார். அவர் திருநீறு தந்தார். அரசாங்கம் பணம் தரப்போகிறது என்று யாரோ சொல்ல, பெரியவர் வெற்றிலை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். கடைசியில் பத்தாம் வகுப்புப் பேத்தி வாசித்தாள்: சோலைவரி, அதாவது வீடு, காணிக்குச் சபை விதிக்கும் வரி, உயர்வதற்கு ஆட்சேபனை இருந்தால் 14 நாட்களுக்குள் எழுத வேண்டுமாம். அன்று பதினாறாம் நாள். மொழி தெரியாத பிள்ளை எப்படி அழும், தவிசாளர் ஐயா?

ஆகவே, சபை இயற்றும் துணைவிதி எதுவானாலும் வரைவுநிலையிலேயே தமிழிலும் ஒட்டவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. 1850இல் டொரிங்டன் பதவியிழந்த கதையையும் இலண்டனில் நடந்த பாராளுமன்ற விசாரணையையும் பேச நேரமில்லை. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வாசலில் மனுத்தாள் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறோம். தவிசாளர் அவர்கள் முதலில் வாங்கிப் படித்துப் பார்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.